நல்லெண்ணமும் தொண்டும்: இவான் இலிச்சின் உரை பற்றிய ஒரு மதிப்பீடு

வறியோர்க்கு இரங்குதல் அறம் என்பதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆயின், இரங்குவோர் தாய்நாட்டின் எல்லை கடந்து சென்று, தாம் அறியாத மொழி பேசும் ஒரு குடும்பத்தின் முற்றத்திற் சில வாரங்கள் நின்று தொண்டாற்றித் திரும்பும்போது, அத்தொண்டினாற் பயனடைந்தவர் யாவர் என்ற வினா எழுவது இயல்பேயாகும். இவ்வினாவை மிகக் கடுமையாக எழுப்பியவர் இவான் இலிச். மெக்சிக்கோவின் கிராமங்களிற் கோடைகாலத் தொண்டு புரியப் புறப்படவிருந்த வட அமெரிக்க மாணவர்களை நோக்கி, 1968 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் நிகழ்த்திய உரையே இங்கு ஆராயப்படுகின்றது.

இவ்வுரையை அதன் காலச் சூழலில் வைத்து நோக்குதல் வேண்டும். 1959 இற் கியூபாப் புரட்சி வெற்றி பெற்றது. 1961 இல் ஐக்கிய அமெரிக்கா இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்கான உதவித் திட்டத்தை வகுத்ததோடு, சமாதானப் படையையும் அமைத்தது. அதே ஆண்டில், வட அமெரிக்கக் கத்தோலிக்கத் திருச்சபை தன் துறவிகளிற் பத்திலொரு பங்கினரை அந்நாடுகளுக்கு அனுப்ப வேண்டுமென உரோமாபுரி கேட்டுக்கொண்டது. அருளும் அரசியலும் ஒரே திசையிற் பயணஞ் செய்த காலம் அது. இலிச் இவ்வியக்கத்திற்குப் புறத்தே நின்றவரல்லர். அவ்வேளை அவரும் ஒரு கத்தோலிக்கக் குருவே. எனவே அவரது கண்டனம் உள்ளிருந்து எழுந்த கண்டனமாகும்.

அவருடைய வாதத்தைச் சுருக்கிக் கூறின், மாணவரின் நல்லெண்ணத்தை அவர் மறுக்கவில்லை. அது போதுமானது என்பதையே மறுக்கின்றார். தம்மால் அதிகம் செய்ய இயலாதென அறிந்திருந்தும் புறப்படுவதை அவர் பாசாங்கு என்கின்றார். இம்மாணவர் தம்மையறியாமலே தம் நாட்டு நடுத்தர வர்க்க வாழ்க்கை முறையின் விற்பனையாளராகின்றனர் என்பது அவர் கருத்து. சமாதானப் படை, தன் தொண்டர் ஒருவர் அந்நியச் சூழலுக்குப் பழகிக்கொள்வதற்கு அப்போது ஏறத்தாழ 10,000 டொலர் செலவிட்டது. அத்தொண்டரைச் சந்திக்கப் போகும் ஏழையின் அதிர்ச்சியைத் தணிக்க எவரும் ஒரு சதமேனும் செலவிட எண்ணவில்லை என அவர் எள்ளுகின்றார். இவ்வெள்ளல் வெறும் சொல்லலங்காரமன்று. கொடுப்பவன் பக்கத்திலிருந்தே தொண்டினை அளந்து பழகிய எம் கண்ணை, பெறுபவன் பக்கத்துக்கு அது திருப்பிவிடுகின்றது. இவ்வுரையின் தலையாய சிறப்பு இதுவே எனலாம்.

எனினும் இரு குறைபாடுகளைச் சுட்டுதல் அவசியம். முதலாவது, இலிச்சும் அந்நியரே. வியன்னாவிற் பிறந்த அவர், நியூயோர்க் நகரிற் புவேர்ட்டோ ரிக்கோ ஏழைகளிடையே பணியாற்றினார். அவர்தம் மொழியைக் கற்றார். பின்னர் மெக்சிக்கோவிற் குடியேறினார். அவரது வாழ்வே, அந்நியன் பயன்படவே மாட்டான் என்ற முடிபுக்கு விலக்காக அமைகின்றது. இரண்டாவது, மெக்சிக்கோ ஏழைகளின் சார்பிற் பேசும் இவ்வுரையில் அவ்வேழைகள் எங்கும் பேசுவதில்லை. தொண்டரின் கதையில் ஊமையாய் நின்ற குடியானவன், அத்தொண்டரைக் கண்டிப்பவரின் உரையிலும் ஊமையாகவே நிற்கின்றான்.

இங்கு எம்மவர் வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு நினைவுக்கு வருகின்றது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, இடையிற் சில ஆண்டுகள் தாயகத்திற் கழித்தமை நீங்கலாக, 1873 வரை பணியாற்றினார். அவர் தமிழைக் கற்றார். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்தார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மதம் பரப்பும் நோக்கம் அவருக்கு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், அவர் சென்ற பின்னர் அறிவு இங்கே, எம் மொழியில், எம்மவர் கைகளில் எஞ்சியது. ஆகவே வேறுபாடு அந்நியனா உள்ளூரவனா என்பதில் இல்லை. எத்துணைக் காலம் தங்கினான், எம்மொழியிற் பேசினான், எதனை விட்டுச் சென்றான் என்பவற்றிலேயே அது தங்கியுள்ளது.

இவ்வுரை எமக்கும் உரியதே. சென்ற விடுமுறையில் நாம் சிலர் ஒரு தோட்டத்து லயத்திற்குச் சென்று பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பிகள் வழங்கினோம், புகைப்படங்களும் எடுத்துக்கொண்டோம். மூதாட்டி ஒருவர், "மறுபடி எப்ப வருவீங்க தம்பி?" என வினவினார். எம்மில் எவரிடமும் விடை இருக்கவில்லை. எல்லை எதனையும் நாம் கடக்கவில்லை; எம் மொழியே அவர் மொழியும். எனினும் இலிச் கண்டித்த மாணவரின் வரிசையில் நாமும் நின்றோம் என்பதை அக்கணத்தில் உணர்ந்தேன்.

போகாதீர் என்பது இலிச்சின் முடிபு. அம்முடிபு எமக்கு முழுமையாக ஏற்புடையதன்று. ஆனால் அம்மூதாட்டியின் கேள்விக்கு விடையில்லாதவன் கொப்பிக் கட்டுடன் படியேறுதல் தகாது. நல்லெண்ணம் தொண்டின் தொடக்கமாகலாம். தொண்டுக்குச் சான்று கூற வேண்டியவர் அதனைப் பெற்றவரே.