இணையவழிக் கூட்டமும் அவையொழுக்கமும் – ஒரு விமர்சன நோக்கு

அவையிலே எவ்வாறு ஒழுகுதல் வேண்டும் என்னும் வினா தமிழ் மரபுக்குப் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலிலே ‘அவையறிதல்’, ‘அவையஞ்சாமை’ என இரு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை, பெரியோர் முன்னிலையிற் செய்யத்தகாதனவற்றை நுணுக்கமாக வகுத்துரைக்கின்றது. 2020ஆம் ஆண்டின் கொவிட்-19 பெருந்தொற்றை அடுத்து இவ்வகை எழுத்துக்குப் புதியதொரு கிளை தோன்றியுள்ளது எனலாம். அலுவலகங்கள் தத்தம் ஊழியருக்கு விநியோகிக்கும் இணையவழிக் கூட்ட ஒழுங்குவிதிகளையே இங்குக் குறிப்பிடுகின்றோம். இவற்றை வெறும் சுற்றுநிருபங்களென ஒதுக்காது, தம் காலத்துச் சமூக உறவுகளைப் புலப்படுத்தும் பனுவல்களாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2019 டிசம்பரில் ‘சூம்’ செயலிவழிக் கூட்டங்களில் நாளொன்றுக்கு 1 கோடி பங்குபற்றல்கள் பதிவாகின. 2020 ஏப்ரலில் அத்தொகை 30 கோடியைத் தொட்டது. இத்துணைக் குறுகிய காலத்தில் மனிதர் தம் அவையை இடம்மாற்றிக்கொண்ட பிறிதொரு சந்தர்ப்பத்தைக் காண்டல் அரிது. அவை மாறியபோது விதிகளும் வேண்டப்பட்டன. குறித்த நேரத்துக்கு வருக. பேசாதபோது ஒலிவாங்கியை அடைத்து வைக்குக. கையுயர்த்தி முறை பெற்றுப் பேசுக. கமராவைத் திறந்து வைக்குக. தகுந்த உடை அணிக. உணவு உண்ணற்க – இவ்வாறு விதிகள் நிரற்படுத்தப்படுகின்றன. மேலோட்டமாக நோக்குமிடத்து இவையனைத்தும் ஒரே தன்மையனபோலத் தோன்றும். ஆயின் இவற்றுள் இருவேறு வகையின உள என்பது மனங்கொளத்தக்கது.

முதல்வகை விதிகள் ஊடகத்தின் இயல்பினின்றும் பிறந்தவை. நேர்முக உரையாடலிலே ஒருவர் பேசி முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரம் சராசரியாக ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கே என மொழியியலாளர் பல மொழிகளை ஒப்பிட்டுக் காட்டியுள்ளனர். இணையவழியிலோ குரல் மறுமுனையை அடையுமுன் ஏற்படும் தாமதமே அவ்விடைவெளியை விழுங்கிவிடுகின்றது. இதன் விளைவாக இருவர் ஒருங்கே தொடங்குகின்றனர். பின்னர் இருவரும் ஒருங்கே நிறுத்துகின்றனர். ஒருவர் வீட்டு நாயின் குரைப்பு, திறந்திருக்கும் ஒலிவாங்கியினூடாக நாற்பது வீடுகளுக்குள்ளும் புகுகின்றது. ஆகவே ஒலிவாங்கியை அடைத்தல், முறை கேட்டல், தலைவர் பெயர் சொல்லி அழைத்தல் ஆகியன சம்பிரதாயங்களல்ல. பிறர் சொல்லைச் செவிப்படச் செய்யும் நடைமுறைகள் அவை. இவற்றைப் பேணாதவன் பிறரது பேச்சுரிமையையே பறிக்கின்றான்.

இரண்டாம் வகை விதிகள் இத்தகையனவல்ல. கமராவை எந்நேரமும் திறந்து வைத்தல் வேண்டுமென்னும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். அலுவலகக் கூட்டத்திலே ஊழியன் அலுவலகத்தின் கதிரையிலேயே அமர்ந்தான். இங்கோ அவனது வீடு அவைக்குள் இழுத்துவரப்படுகின்றது. தனியறையும் நூலடுக்கும் உடையவனுக்கு அது பெருமை. ஒற்றையறையிலே பிள்ளைகளோடும் நோயுற்ற தாயோடும் வாழ்பவளுக்கோ அது அம்பலம். நிகழ்படத்துடன் கூடிய கூட்டம், குரல் மாத்திரம் கொண்டதைவிடப் பன்மடங்கு தரவை உறிஞ்சுவது. அச்செலவு பலவிடத்தும் ஊழியனையே சார்கின்றது. 2022 மார்ச் இறுதியில் எமது நாட்டிலே மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை நீடித்தது. அந்நாள்களிற் கூட்டத்தினின்றும் திடீரென மறைந்தோரை ஒழுக்கங் குன்றியோரெனக் கூறலாகுமா? அன்றியும், இடைவிடாத அண்மைப் பார்வை, தன் முகத்தைத் தானே கண்டுகொண்டிருத்தல், அசையவியலா நிலை, முகக்குறிப்புகளை வலிந்து காட்டவும் அறியவும் வேண்டிய உளச்சுமை என்னும் நான்கும் களைப்பை விளைப்பன என ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 2021இல் எடுத்துரைத்தார்.

இதற்கு மறுப்புரைப்போரும் உளர். கறுத்த சதுரங்களை நோக்கிப் பேசுதல் எவ்வளவு கடினம் என்பதை விரிவுரையாளர் எவரும் அறிவர். இம்முறைப்பாடு நியாயமானதே. மெய்ப்பாட்டுக்கெனத் தனியியல் வகுத்த தொல்காப்பியத்தைப் பயிலும் நாம், முகமும் பொருளுணர்த்தும் என்பதை மறுத்தல் இயலாது. ஆயின் பேசுபவர் பேசும்போது முகங்காட்டுக என வேண்டிக்கொள்வது ஒன்று. கேட்பவர் அனைவரும் மூன்று மணித்தியாலம் கண்காணிப்புக்கு உட்பட்டிருக்க என ஆணையிடுவது பிறிதொன்று. பின்னையது பெரியோர் முன் கொட்டாவியையும் தும்மலையும் விலக்கும் ஆசாரக்கோவையின் உலகைச் சார்ந்தது. அங்கு ஒழுக்கம் என்பது தாழ்ந்தோன் உயர்ந்தோனுக்குச் செலுத்தும் கடனாகவே அமைகின்றது.

ஒழுங்குவிதிகளின் குறைபாட்டை இரு நிகழ்ச்சிகள் தெளிவுறுத்தும். 2020 டிசம்பர் 10ஆந் திகதி இங்கிலாந்தின் ஹான்ட்போத் என்னுஞ் சிற்றூரின் உள்ளூராட்சிச் சபைக் குழுவொன்று இணையவழியிற் கூடியது. கூட்டத்தை நடத்த வந்த அம்மையாருக்கு அதிகாரமில்லையெனத் தலைவர் கூச்சலிட்டார். அம்மையார் அவரைக் கூட்டத்தினின்றும் அகற்றினார். ஏனையோர் சிலர் நிலையியற் கட்டளைகளை வாசிக்குமாறு ஆர்ப்பரித்தனர். 2021 பெப்ரவரியில் அப்பதிவு உலகெங்கும் நகைப்புக்குரியதாயிற்று. ஆயின் நகைப்புக்கு அப்பால் நாம் காணவேண்டியது, எவரை வெளியேற்றலாம், எவரது ஒலிவாங்கியை அடைக்கலாம் என்னும் அதிகாரம் ஒரு பொத்தானுள் அடங்கிவிட்டமையாகும். பழைய அவையிலே தலைவரை வெளியேற்றச் சொல்லும் வாக்கும் வேண்டப்பட்டன. இங்கு ஒரு விரலசைவு போதும்.

மற்றையது நகைப்புக்குரியதன்று. 2022 மார்ச் 17ஆந் திகதி பீ அன்ட் ஓ பெரீஸ் என்னும் பிரித்தானியக் கப்பற் கம்பனி தன் பணியாளர் ஏறத்தாழ 800 பேரை, முன்னரே பதிவுசெய்யப்பட்ட காணொளிச் செய்தியொன்றின் மூலம் வேலைநீக்கஞ் செய்தது. எமது விதிப்பட்டியலைக் கொண்டு அந்நிகழ்ச்சியை அளப்பின் குறையொன்றுங் காணவியலாது. பேசியவரை எவரும் இடைமறிக்கவில்லை. அவருக்கோ எவருடைய மறுமொழியையும் கேட்கவேண்டிய தேவை எழவில்லை. உழைப்பாளரின் வாழ்வைப் பறிக்கும் செயலைக் குற்றமாகக் காணவியலாத ஒழுக்கநூல், உண்பதையும் உடையையும் பற்றி உரைப்பதனாற் பயன் யாது?

ஆகவே இவ்விதிகளின் பெருங்குறை, பங்குபற்றுவோருக்குக் கடமைகளை விதித்துக் கூட்டுவோரை விடுவித்தமையே. வள்ளுவர் அவையறிதலைப் பேசுவோனின் பொறுப்பாகவே வைத்தார் என்பது ஈண்டு நினையத்தக்கது. கேட்போரின் தரமறிந்து சொல்லுதல் பேசுவோன் கடன். அவ்வளவைக் கூட்டத்தைக் கூட்டுவோருக்கும் பொருத்துதல் வேண்டும். நிகழ்ச்சிநிரலை முன்னரே அனுப்புதல், கூட்டம் தேவைதானா என எண்ணிப் பார்த்தல், குறித்த நேரத்தில் முடித்தல், வாய்திறவாதோரைப் பெயர் சொல்லி அழைத்தல், தொடர்பு அறுந்தோருக்குக் கூட்டறிக்கையை அனுப்பி அவர்தங் கருத்தைக் கேட்டபின்பே முடிவு செய்தல் ஆகியனவே முதன்மை விதிகளாக எழுதப்படல் வேண்டும்.

அவையடக்கம் நம் மரபின் அணிகலனே. அடங்கியிருப்போனுக்கும் தன் முறை வருமென்னும் உறுதி இருக்கும்வரையே அது பண்பாகும். அவ்வுறுதி நீங்கியவிடத்து எஞ்சுவது வாயடைப்பு மாத்திரமே.