உழைப்பை உந்துவது எது? ஐந்து மரபுகளும் அவற்றின் அளவுகோல்களும்

இரும்புப் பாளத்தைச் சுமந்து ரயில் பெட்டியில் ஏற்றும் வேலை. 1899-இல் அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் ஓர் ஆள் நாளொன்றுக்கு ஏற்றியது சுமார் 12½ டன். பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் ஒரு தொழிலாளியைத் தேர்ந்தெடுத்து, எப்போது தூக்க வேண்டும், எப்போது இளைப்பாற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, 47½ டன் ஏற்ற வைத்ததாக எழுதினார். 1.15 டாலராக இருந்த கூலி 1.85 டாலர் ஆனது. இந்தக் கணக்கில் பலவற்றைப் பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். அப்படியே ஏற்றுக்கொண்டாலும், உற்பத்தி ஏறத்தாழ நான்கு மடங்கானபோது கூலி கூடியது அறுபது சதவீதம்தான். ஊக்கம் பற்றிய நவீன ஆராய்ச்சியின் முதல் மரபு இந்த இடைவெளியோடுதான் பிறந்தது. அதன் அளவுகோல் கடிகாரமும் கூலியும். 1911-இல் அமெரிக்க ராணுவத்தின் வாட்டர்டவுன் ஆயுதச் சாலைக்குள் டெய்லர் முறையின் ஸ்டாப்வாட்ச் நுழைந்தபோது வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள்.

கூலிக்கு வலிமை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. 1913-இல் ஃபோர்டு கார் ஆலையில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். பணியாளர் விலகல் ஆண்டுக்கு 370 சதவீதம். 1914 ஜனவரியில் எட்டு மணி நேர வேலையும், தகுதி பெற்றவர்களுக்கு நாளுக்கு ஐந்து டாலரும் அறிவிக்கப்பட்டன. 1915-இல் விலகல் 16 சதவீதமாக இறங்கியது. ஆனால் அந்த ஐந்து டாலரைப் பெறத் தொழிலாளியின் வீட்டு வாழ்க்கையையும் நிறுவனத்தின் ஆட்கள் வந்து சோதிப்பார்கள்.

இரண்டாவது மரபு, சிகாகோவை அடுத்த ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகளிலிருந்து வளர்ந்தது. அங்கே விளக்கொளியைக் கூட்டியபோதும் உற்பத்தி ஏறியது, குறைத்தபோதும் ஏறியது. ஆய்வாளர் எல்டன் மேயோவும் அவரோடு சேர்ந்தவர்களும் கவனிப்பு, தோழமை, மேற்பார்வையாளரின் நடத்தை ஆகியவற்றைப் பேசத் தொடங்கினார்கள். அதே ஆலையில் 14 ஆண்கள் வேலை செய்த அறை வேறொரு பாடம் சொன்னது. செய்த அளவுக்கேற்ற கூலி (பீஸ் ரேட்) இருந்தும் அவர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டு அதற்கு மேல் உழைக்கவில்லை. அதிகம் செய்து காட்டினால் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களிடையே நிலவியது.

மூன்றாவது மரபு மனிதத் தேவைகளைப் பற்றியது. 1943-இல் ஆபிரகாம் மாஸ்லோ தேவைகளைப் படிநிலையாக அடுக்கினார். 1959-இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் வட்டாரப் பொறியாளர்களும் கணக்காளர்களுமாகச் சுமார் 200 பேரிடம் பேசிய ஆய்வை வெளியிட்டார். சம்பளம், பணிச்சூழல், மேற்பார்வை ஆகியவை குறைந்தால் மனக்குறை வரும். நிறைந்தால் மனக்குறை தீரும், அவ்வளவே. உற்சாகத்தைத் தருபவை சாதனை, பொறுப்பு, அங்கீகாரம் ஆகியவை. இது அவர் கண்ட முடிவு. இந்திய ஆலைகளின் போனஸ் இதற்குப் பொருத்தமான சான்று. தகுதியுள்ளவர்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம் உண்டு. கணக்கில் நஷ்டம் காட்டும் ஆண்டிலும் கொடுத்தாக வேண்டும். தீபாவளிக்கு முன் அது வந்தால் யாரும் கூடுதலாக ஒரு பீஸ் செய்வதில்லை. வராவிட்டால் ஆலை வாசலில் கூட்டம் கூடிவிடும். ஆனாலும் ஹெர்ஸ்பெர்க்கின் முறை மீது ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு: தன் அனுபவத்தைச் சொல்லும்போது வெற்றியைத் தனதென்றும் தோல்வியைக் கம்பெனியுடையதென்றும் சொல்வது மனித இயல்பு.

நான்காவது மரபு, மனம் போடும் கணக்கை ஆராய்ந்தது. என் உழைப்புக்கும் அவன் உழைப்புக்கும் ஒரே நியாயம் கிடைக்கிறதா என்ற ஒப்பீட்டை 1963-இல் ஸ்டேசி ஆடம்ஸ் எடுத்துக்காட்டினார். முயன்றால் முடியுமா, முடித்தால் பலன் வருமா, அந்தப் பலன் எனக்கு வேண்டியதா என்ற மூன்று கேள்விகளை 1964-இல் விக்டர் வ்ரூம் வகுத்தார். தெளிவான, கடினமான இலக்கு உழைப்பைக் கூட்டும் என்றார் எட்வின் லாக். அவரோடு இணைந்து இயங்கிய கேரி லேதம் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிகளை ஆராய்ந்தார். சட்டம் அனுமதித்த எடையில் ஏறத்தாழ 60 சதவீதமே ஏற்றிவந்த லாரிகள், 94 சதவீதம் என்ற இலக்கை வைத்தபின் 90 சதவீதத்தை எட்டின. ஆனால் டார்கெட் தறிகெட்டும் ஓடும். 2016-இல் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், விற்பனை இலக்கை எட்ட ஊழியர்கள் வாடிக்கையாளர் அறியாமல் கணக்குகளைத் திறந்தது அம்பலமானது; அதையொட்டி ஏறத்தாழ 5,300 பேர் வேலை இழந்திருந்தனர்.

ஐந்தாவது மரபு வேலையின் அமைப்பையே மாற்றச் சொல்வது. லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தினர் வளர்த்த இந்தச் சிந்தனைக்கு அகமதாபாத்தில் ஓர் அரிய களம் கிடைத்தது. காலிகோ மில்லின் தானியங்கித் தறிக்கூடத்தில் 224 தறிகள், 29 தொழிலாளர்கள், 12 வகை வேலைகள். நூல் முடிபவர் ஒருவர், எண்ணெய் போடுபவர் ஒருவர் என ஒவ்வொருவரும் தனித்தனி. முழுத் துணிக்குப் பொறுப்பு யாருக்கும் இல்லை. 1953-இல் டாவிஸ்டாக்கின் ஏ.கே. ரைஸ், ஒரு தறித்தொகுதியை ஒரு சிறு குழுவே முழுவதும் கவனிக்கலாமே என்ற யோசனையை முன்வைத்தார். அதைத் தொழிலாளர்களே எடுத்துக்கொண்டார்கள். தங்கள் குழுக்களைத் தாங்களே அமைத்தார்கள். தொடக்கத் தடுமாற்றத்துக்குப் பின் திறன் 80-இலிருந்து 95 சதவீதமாக உயர்ந்தது. சேதம் 32-இலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. தறி மாறவில்லை, ஆள் மாறவில்லை. தொழிலாளிக்குத் தன் வேலையில் பேச்சுரிமை வந்தது.

ஐந்தில் எதையும் ஒதுக்கிவிட முடியாது. வரிசை தவறக் கூடாது, அவ்வளவுதான். நியாயமான கூலியும் ரேட் குறையாது என்ற உறுதியும் இல்லாத இடத்தில் அங்கீகாரச் சான்றிதழ் எடுபடாது. இலக்கை நிர்ணயிக்கும்போது அதை எட்டவேண்டியவரைக் கேட்க வேண்டும். எண்ணிக்கையோடு சேதத்தையும் விலகலையும் சேர்த்து அளக்க வேண்டும். காலமும் ஓர் அளவுகோல்தான். 1970-இல் டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் அகமதாபாத் சென்று பார்த்தபோது ஒரு கூடத்தில் குழுமுறை அப்படியே நிலைத்திருந்தது. மற்ற இடங்களில் பெரும்பாலும் தேய்ந்துபோயிருந்தது. ஊக்கத் திட்டம் தீட்டும் மேலாளர்கள் முதலாண்டு உற்பத்திப் புள்ளிவிவரத்தோடு இந்த மறுபார்வையையும் படிப்பது நல்லது.