சிவப்பை என்ன செய்வது?

ஆந்திராவின் பலமனேர் தக்காளி மண்டியைக் கறுப்பு-வெள்ளையில் காட்டுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அங்கே காய், செங்காய், பழம் என்று நிறத்தைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். எடிட்டிங்கில் நிறத்தை அப்படியே உறிஞ்சிவிட்டால், மென்பொருள் பெரும்பாலும் பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்ற மாதிரியான விகிதத்தில் வெளிச்சத்தைக் கூட்டிச் சாம்பலாக்கும். பளபளக்கும் தக்காளியும் அதன் கரும்பச்சை இலையும் அந்தக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். இந்தியாவை வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும் என்று வாதாடியவர் புகைப்படக்கலைஞர் ரகுபீர் சிங். மண்டியைப் பொறுத்தவரை நான் அவர் கட்சி.

அதே ஊரின் சுடுமண் வேலைக்காரர்களிடம் போனால் கட்சி மாற வேண்டியிருக்கிறது. சக்கரத்தில் பானை எழும்புகிறது. பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். வண்ணப் படத்தில் கண் முதலில் டிரம்மில்தான் போய் விழும். லைட்ரூம் மென்பொருளில் கறுப்பு-வெள்ளைக்கு மாற்றினால், எட்டு நிறங்களுக்கும் தனித்தனி ஸ்லைடர் கிடைக்கும். நீலத்தை இறக்கினால் டிரம் நிழலோடு நிழலாகப் போய்விடும். ஆரஞ்சில்தான் விஷயமே இருக்கிறது, நம் தோலின் நிறம் அங்கே குடியிருப்பதால். அதை ஏற்றினால் கறுத்த மனிதர் வெளுத்துப்போவார். கல்யாண ஆல்பக்காரர்களை விடாத வியாதி அது. கொஞ்சம் இறக்கிப் பாருங்கள்: முழங்கை வரை காய்ந்து ஒட்டிய வெளிர் களிமண் தோலிலிருந்து பிரிந்து, அதன் வெடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும். ஈரப் பானையில் விரல் பதித்த வரிகளும் அப்போதுதான் எழுந்து நிற்கும். ஆனால் சூளையைத் திறந்ததும் திரும்ப வண்ணத்துக்கு வந்துவிடுங்கள். தீ மண்ணுக்குக் கொடுத்த சிவப்பைச் சாம்பலில் எப்படிச் சொல்வது?

ஊரை ஒட்டிய கௌண்டின்யா சரணாலயத்தின் யானைகள் 1980களில் தமிழக, கர்நாடகக் காடுகளிலிருந்து வந்தவை. யானை என்றால் எனக்கு மா. கிருஷ்ணன் நினைவு வராமல் போகாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டை எழுதியவர். பல பாகங்களைக் கோத்துத் தானே உருவாக்கிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்து, கறுப்பு-வெள்ளையிலேயே படமெடுத்தார். அவருடைய யானைப் படங்களில் காதின் கிழிந்த ஓரத்தையும் துதிக்கைச் சுருக்கங்களையும் பார்த்தவருக்கு வண்ணம் இல்லாத குறையே தோன்றாது.

செம்மண் பூசிக்கொண்ட யானை பச்சைப் புதர்முன் நின்றால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிவப்பை ஏற்றிப் பச்சையை இறக்கினால் யானை புதரைவிட்டு முன்னால் வரும். மாற்றிச் செய்தால் புதருக்குள் போய்விடும். பிலிம் காலத்தில் லென்ஸ்முன் மஞ்சளோ சிவப்போ ஒரு ஃபில்டரை மாட்டி, கிளிக் செய்யும் முன்பே இதை முடிவு செய்தாக வேண்டியிருந்தது. இப்போது ரா கோப்பில் எல்லா நிறமும் பத்திரமாக இருக்கிறது, சாவகாசமாக யோசிக்கலாம். அந்தச் சலுகையில்தான் உச்சிவெயிலில் எடுத்த மொக்கைப் படமெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு கலைக்கண்காட்சிக்குக் கிளம்பிவிடுகிறது.