இடஞ்சுட்டாத எண்

திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, ஐயத்திற்குரிய முறையில் இறந்தாலோ, அவள் உடல் கூறாய்வுக்குப் போகிறது. உள்ளுறுப்புகள் தடயவியல் ஆய்வகத்துக்கு. திரும்பிவரும் அறிக்கையில் அமிட்ரிப்டிலின் என்றொரு பெயரும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருந்துவிட்டால், 'மனநிலை சரியில்லாதவள், மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொண்டாள்' என்று சொல்லக் குடும்பத்துக்கும் ஊருக்கும் வசதியாகிவிடுகிறது.

மனச்சோர்வுக்கு மட்டுமல்ல, ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும்கூட எழுதித் தரப்படும் மருந்து அது. பெயரை வைத்தே நோயைச் சொல்லிவிட முடியாது.

எண்ணும் எளிதில் பிடிபடாது. கொழுப்பில் கரையும் இம்மருந்து, உயிருள்ளபோது ரத்தத்தைவிடக் கல்லீரலிலும் நுரையீரலிலும் இதயத் தசையிலும் பன்மடங்கு தங்குகிறது. இறந்தபின் செல்கள் குலையும்போது அங்கிருந்து பக்கத்து ரத்தத்துக்குள் கசிகிறது. அதனால் இதய ரத்தம், தொடைச் சிரை ரத்தத்தைவிடப் பல மடங்கு அளவைக் காட்டக்கூடும். எங்கிருந்து எடுத்த ரத்தம் என்று குறிப்பிடாமல், உயிருள்ளோருக்கு வகுத்த அட்டவணையோடு ஒப்பிட்டு 'நச்சு அளவு' என்பது சரியான வாசிப்பல்ல. இடஞ்சுட்டிப் பொருள் விளக்கத் தமிழ் வகுப்பில் மாணவர்களைப் பழக்குகிறோம். ஒரு பெண்ணின் சாவுக்கு அந்தக் கவனம்கூடக் கிடைப்பதில்லை.

கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. தொடைச் சிரையில் எவ்வளவு, கல்லீரலில் எவ்வளவு? இரைப்பையில் மாத்திரை மிச்சமிருந்ததா? மருந்துக்கும், உடல் அதை மாற்றி உண்டாக்கும் நார்ட்ரிப்டிலினுக்கும் என்ன விகிதம்? மருந்து மிகுந்து நார்ட்ரிப்டிலின் குறைந்திருந்தால், சாவுக்குச் சற்றுமுன் உட்கொண்டிருக்கலாம் என்று ஊகிக்கலாம். யார் கை கொடுத்தது என்பதை அந்த விகிதம் சொல்லாது.

2000இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் பதிவான நிகழ்வு இது. ஃப்ளூயாக்ஸெடின் எடுத்துவந்த ஒன்பது வயதுச் சிறுவன் இறந்தான். மருந்தளவு மிக அதிகம் என்றதும் வளர்ப்புப் பெற்றோர் மீது சந்தேகம் விழுந்தது. மருந்தைச் சிதைக்கும் சி.ஒய்.பி. 2டி6 நொதி அவனுக்குப் பிறவியிலேயே குறைவு என்று மரபணுச் சோதனை பின்னர் காட்டியது. கொடுத்த மருந்து வெளியேறாமல் உடலில் சேர்ந்திருக்கிறது.

ஒரே எண் ஒரு வீட்டில் பெற்றோரைக் குற்றவாளியாக்கப் பார்க்கிறது; இன்னொரு வீட்டில் கணவனை விசாரணையிலிருந்து விடுவிக்கிறது. மருந்து எடுத்துக்கொண்டவள், பிழைத்துவிட வேண்டும் என்று மருத்துவரைத் தேடிப் போனவளாகவும் இருக்கலாம். அவளை எது அங்கே அனுப்பியது என்று ஆய்வகத்தைக் கேட்டுப் பயனில்லை. அதை அந்த வீட்டில்தான் கேட்கவேண்டும்.