கிராம் சொல்லும் பொய்: வயர் பாண்ட் இழுவைச் சோதனை பற்றி ஒரு புகார்

என் காலேஜ் நண்பன் ஒருத்தன் கார் எலெக்ட்ரானிக்ஸ் செய்யும் ஓர் ஆலையில் இருக்கிறான். போன வருஷம் ஒரு எக்செல் ஃபைல் அனுப்பி, "எல்லாமே பாஸ்டா. ஆனா ரிட்டர்ன் வந்துட்டே இருக்கு. நீ கொஞ்சம் பாரு" என்றான். நமக்குத் தெரிந்தது சாஃப்ட்வேர்தான். ஆனாலும் அந்த ஃபைல் என்னை ஆறு மாசம் படிக்க வைத்தது.

முதலில் விஷயம். சிப்பையும் வெளிக் காலையும் இணைப்பது தலைமுடியைவிட மெல்லிய கம்பி, பெரும்பாலும் 25 மைக்ரான். அது ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, நடுவில் கொக்கி மாட்டி அறுபடும்வரை மேலே இழுப்பார்கள். எம்ஐஎல்-எஸ்டிடி-883 தரத்தின்படி 25 மைக்ரான் தங்கக் கம்பிக்கு, பேக்கேஜை மூடும் முன், குறைந்தது 3 கிராம் வேண்டும். வாகனத் துறையின் ஏஇசி-க்யூ100 இன்னும் கறார்: குறைந்தது 5 சிப்களிலிருந்து 30 பாண்டுகள், சிபிகே 1.67-க்கு மேல். அதாவது சராசரிக்கும் எல்லைக்கும் நடுவே ஐந்து சிக்மா இடைவெளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

என் முதல் புகார், இந்த கிராம் கணக்கு ஒட்டை மட்டும் அளப்பதில்லை, வளைவின் வடிவத்தையும் சேர்த்தே அளக்கிறது. இரு முனையும் ஒரே மட்டத்தில் இருந்து, இழுக்கும்போது கம்பி 30 டிகிரியில் நின்றால், கொக்கியின் விசையும் கம்பியின் இழுவிசையும் சமம். அதே கம்பி 10 டிகிரியில் தட்டையாக நின்றால் இழுவிசை கிட்டத்தட்ட 2.9 மடங்கு. ஆக, 10 கிராமில் அறுபடும் கம்பி, மீட்டரில் மூன்றரை கிராம்தான் காட்டும். லூப்பைக் கொஞ்சம் உயர்த்தினாலே ரிப்போர்ட் அழகாகிவிடும், ஒட்டில் ஒரு மாற்றமும் இல்லாமல்!

இரண்டாவது புகார் இன்னும் பெரியது. பந்து ஒட்டின் விட்டம் 50 மைக்ரான் என்றால் அதன் பரப்பு கம்பியின் குறுக்குவெட்டைப் போல நான்கு மடங்கு. பந்துக்கு மேலே உள்ள கழுத்தோ, பந்து உருகி உருவானபோது பட்ட சூட்டில் பலவீனமானது. எனவே ஒட்டில் பாதி சரியில்லாமல் போனாலும் கழுத்துதான் முதலில் அறுபடலாம். ஜார்ஜ் ஹார்மனின் வயர் பாண்டிங் புத்தகத்தைப் (மூன்றாம் பதிப்பு, 2010) படித்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. இந்தத் துறையில் ஒரே ஒரு புத்தகம் படிக்கணும்னா அதைத்தான் சொல்வேன்.

இப்போது நண்பனின் ஃபைலுக்கு வருவோம். அதில் கிராம் இருந்தது, தேதி இருந்தது, மெஷின் நம்பர் இருந்தது. எங்கே அறுந்தது என்ற காலம் மட்டும் இல்லை. இத்தனைக்கும் எம்ஐஎல் தரம் அதைக் குறிக்கச் சொல்கிறது: கழுத்திலா, நடுவிலா, இல்லை பேடிலிருந்தே பெயர்ந்ததா என்று. பிரச்சினை வந்த லாட்டிலிருந்து எடுத்துவைத்திருந்த சாம்பிளை மறுபடி இழுக்கச் சொன்னேன். 30-ல் 4 பந்தோடு பெயர்ந்து வந்தன, 6, 7 கிராமில். நால்வருமே பாஸ்!

சிபிகே ஒரே வகைப் பரவலை எதிர்பார்க்கும் எண். கழுத்தில் அறுந்ததையும் பேடில் பெயர்ந்ததையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால், நோயாளியையும் ஆரோக்கியமானவனையும் சேர்த்து ஜுரம் பார்த்த மாதிரி. எங்கள் தொழிலிலும் இதே கதைதான். கோட் கவரேஜ் 90 சதவீதம் என்று பச்சை விளக்கு எரியும், டெஸ்ட் எதையும் சரிபார்த்திருக்காது.

நியாயமாகச் சொல்லணும்: பந்தைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் ஷியர் சோதனையையும் ஏஇசி கேட்கிறது. செம்புக் கம்பிக்கான ஏஇசி-க்யூ006, சோதனைக் காலத்தை இரட்டிப்பாக்கி, ஒட்டை வெட்டியும் பார்க்கச் சொல்கிறது. அது சரியான திசை. மைனஸ் 40-லிருந்து 150 டிகிரி வரை போகிற இன்ஜின் பக்கத்தில், பாதி ஒட்டு ரொம்ப நாள் தாங்காது.

நான் கேட்பது சின்ன விஷயம். அறுந்த இடத்தை எழுதுங்கள். வகை பிரித்து சிபிகே போடுங்கள். லூப் உயரத்தைப் பக்கத்தில் குறியுங்கள். பேடிலிருந்து ஒன்று பெயர்ந்தாலும், கிராம் எவ்வளவு இருந்தாலும், லைனை நிறுத்துங்கள்.

பேடில் இருந்த கறைதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. பிளாஸ்மா கிளீனிங்கைச் சரிசெய்தார்கள். நண்பன் ரிப்போர்ட்டில் ஒரு காலம் சேர்த்தான். அதற்காக மேலிடத்தில் திட்டும் வாங்கினான், "தேவையில்லாம கேள்வி வரவைக்கிறே" என்று. அந்தக் கேள்வி வரணும் என்பதற்காகத்தானே சோதனையே?