ஃபெஸ் முற்றத்து வெள்ளை

மொராக்கோவின் ஃபெஸ் பழைய நகரத்தில் அறை தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது மொட்டைமாடியை. அடுத்து முற்றத்தில் ஊற்று ஓடுகிறதா, கட்டிலுக்கு மேலே வண்ணம் தீட்டிய தேவதாருக் கூரை இருக்கிறதா என்று. எனக்கு ஒரே கேள்விதான்: கீழ்த்தளத்து ஸெல்லிஜ், அதாவது பூச்சு ஓட்டைச் சில்லு சில்லாக வெட்டிப் பதித்த வேலை, பழையதா? பழையது என்றால் வெந்நீர் தாமதமாக வந்தாலும், செங்குத்தான படிகள் முழங்காலைப் பதம் பார்த்தாலும் பரவாயில்லை. அந்த ஸெல்லிஜிலும் நான் தேடிப் போவது அதன் வெள்ளையை.

பச்சையைப் புகழ்ந்தாகிவிட்டது. நீலத்தோடு ஊர்ப்பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது. தேன்மஞ்சளுக்கும் ரசிகர்கள் உண்டு. வெள்ளையை மட்டும் மற்ற நிறங்களுக்கு நடுவே விட்ட இடைவெளியாக நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். ஒரு பதினாறு முனை நட்சத்திரத்தின் முன்னால் அமர்ந்து, அதைச் சுற்றிப் பின்னிப் போகும் வெள்ளை நாடாவை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். ஓர் இடத்தில் மேலேறும், அடுத்த இடத்தில் கீழே நுழையும், பக்கத்து நட்சத்திரத்தைச் சுற்றிக்கொண்டு மூலைக்குப் போய்த் திரும்பி வரும். கச்சேரியில் தம்பூரா செய்கிற வேலையை ஸெல்லிஜில் வெள்ளை செய்கிறது. அது சரியாக நின்றால்தான் பச்சை பச்சையாகக் கேட்கும்.

பழைய வெள்ளை ஒரே வெள்ளையாக இருப்பதில்லை. ஒரு சில்லில் நீலம் லேசாக ஓடும், அடுத்ததில் மஞ்சள், இன்னொன்று சாம்பல் படிந்த மாதிரி. ஃபெஸ்ஸுக்கு அருகே பென் ஜெல்லிக் பக்கத்துக் களிமண், பூச்சின் கனம், சூளைக்குள் ஓடு எந்த மூலையில் நின்றது, ஆலிவ் பிண்ணாக்கு எரிந்த நெருப்பு அன்று எப்படி ஏறியது என்று அதற்குப் பல காரணங்கள். பூச்சில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். காலம் போகப் போக மயிரிழை வெடிப்புகள் விழுந்து, அவற்றில் சோப்புத் தண்ணீரும் தூசும் ஏறி, ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு வலை உண்டாகும். ஓரங்களில் பூச்சு உதிர்ந்த இடத்தில் சுட்ட மண்ணின் வெளிர்நிறம் எட்டிப் பார்க்கும். கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிகிற வெள்ளை அது.

இதைச் செய்கிற முறையைப் பார்த்தவர்களுக்கு இந்த வெள்ளையின் மேல் மரியாதை இரட்டிப்பாகும். பத்து சென்டிமீட்டர் சதுர ஓடு சுட்டு, பூச்சேறி வந்த பிறகே வெட்டு தொடங்கும். சம்மணமிட்டு அமர்ந்தவர் எதிரே பட்டறைக்கல். கையில் இரண்டு பக்கமும் கூரான மென்காஷ் சுத்தியல். வரைந்த கோட்டுக்கு வெளியே சிறு சிறு தட்டலாகத் தட்டி உதிர்த்துக்கொண்டே வந்து, பின்பக்கத்தை உள்நோக்கிச் சரித்துவிடுவார். அந்தச் சரிவால்தான் முகப்புகள் ஒன்றோடொன்று மயிரிழை இடைவெளியில் சேர முடிகிறது. நிறங்களில் வெள்ளையை வெட்டுவதுதான் கஷ்டம் என்று அய்ன் நொக்பி குயவர் பேட்டையில் ஒரு மஅல்லிம், அதாவது தேர்ந்த கைவினை ஆசான், என்னிடம் சொன்னார். கறுப்பில் தவறினால் நிழல் மூடிவிடும், வெள்ளையில் தவறினால் ஊரே பார்க்கும் என்பது அவர் கணக்கு. சுவருக்கான பலகையைச் சேர்க்கிறபோது எல்லாச் சில்லும் குப்புறக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் ஒரே மண்நிறம். எது பச்சை, எது வெள்ளை என்பது அடுக்குகிறவரின் மனதில் மட்டும் இருக்கும். பின்னால் கலவை ஊற்றி இறுகிய பிறகு நிமிர்த்தும்போதுதான் அவரே அதைப் பார்க்கிறார்.

இந்தக் கலையை வடிவக் கணிதமாக ரசிக்கிற ஒரு கூட்டம் உண்டு. ஜான்-மார்க் கஸ்தேரா 1996இல் வெளியிட்ட பெரிய நூல் அவர்களுக்கு வேதம். எனக்கும் அது பிடித்த நூல்தான். எட்டு, பன்னிரண்டு, இருபத்துநாலு என்று முனைகளை எண்ணி, அச்சைக் கண்டுபிடித்து, வலைப்பின்னலை வரைந்து காட்டுவதில் ஒரு பரவசம் இருக்கிறது. ஆனால் காகிதத்தில் வரைந்த நட்சத்திரத்துக்கு எடை கிடையாது. ஒரே வடிவத்தை இரண்டு வீடுகளில் பார்க்கிறோம்; ஒன்று மூச்சு விடுகிறது, இன்னொன்று விடுவதில்லை. கோணங்கள் இரண்டிலும் சரியாகவே இருக்கும். வித்தியாசம் வெள்ளையில்தான் என்று நான் வாதாடிப் பார்த்திருக்கிறேன். நண்பர்கள் தலையசைத்துவிட்டு மறுபடி முனைகளை எண்ணப் போய்விடுவார்கள்.

ஃபெஸ்ஸின் அத்தாரீன் மதரஸாவிலும் பூ இனானியா மதரஸாவிலும் இல்லாத வெள்ளையா என்று கேட்பார்கள். 1325இல் முடிந்த அத்தாரீனின் சுவர்களுக்கு முன்னால் எந்த வீடும் போட்டி போட முடியாது, உண்மை. கறுப்புப் பூச்சைச் சுரண்டி எழுத்தை எடுத்த அந்தப் பட்டை ஒன்றே போதும். ஆனால் அங்கே நாம் நிற்கிறோம். பின்னால் வருகிற கூட்டம் தோளை இடிக்கிறது. காவலர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஸெல்லிஜ் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்காகச் செய்த வேலை. தாழ்வான மெத்தையில் சாய்ந்து, கையில் தேநீர்க் கண்ணாடியோடு, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். காலையில் ஒரு முறை, உச்சிவேளையில் ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை பார்க்க வேண்டும். அதற்கு அந்த வீட்டில் தூங்கி எழுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

தெருப்பக்கம் சன்னலே இல்லாத வீடுகள் இவை. கழுதைக்காரரின் "பாலக்! பாலக்!" கூச்சலுக்கு ஒதுங்கி, தலா ஸ்கீரா என்ற தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் புகுந்து, குனிந்து போகும் கதவைத் தாண்டி, ஒடித்து ஒடித்துத் திரும்பும் நடையைக் கடந்தால்தான் முற்றம். வெளிச்சம் முழுவதும் மேலே திறந்த சதுரத்திலிருந்து மட்டும் வருகிறது. காலையில் அது எதிர்ச் சுவரின் உச்சியில் தேவதாரு விட்டத்தைத் தொடும், மெல்லச் சுதைக்கு இறங்கும். உச்சிவேளையில்தான் தரைக்கு வரும். அப்போதுகூடச் சுவரின் கீழ்ப்பாகத்தில் நேர் வெயில் படுவது கொஞ்ச நேரம்தான். மற்ற வேளையெல்லாம் தரையில் பட்டு எழும்பும் வெளிச்சத்தில் வெள்ளைச் சில்லுகள் ஒவ்வொன்றும் தனித்தனி மட்டத்தில் இருப்பது தெரியும். கையால் பதித்த சில்லுகள் எதுவும் துல்லியமான ஒரே தளத்தில் நிற்பதில்லையே! ஒன்று மின்னும்போது பக்கத்திலிருப்பது மங்கும். ஓரடி நகர்ந்தால் மாறிவிடும்.

நான் வழக்கமாகத் தங்கும் வீட்டின் அம்மையார் ஒரு விதவை. அண்டை அயலாருக்கு 'லல்லா'. நாங்கள் எல்லாம் அவருக்கு 'வுல்தி', மகன்கள். நான்கே அறைகள். விடிந்ததும் அவர் முற்றத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பார். நீர் வழிந்து நடுவிலிருக்கும் துவாரத்துக்கு ஓடும். சுவரின் கீழ்வரிசைகளிலும் ஒரு கை விசிறுவார். ஈரத்தில் வெள்ளைச் சில்லுகளுக்கு ஆழம் வந்துவிடும், உள்ளே விளக்கு வைத்த மாதிரி என்று சொல்லத் தோன்றும். காய்ந்ததும் அந்த ஆழம் போய்விடும். அந்த வேலைக்கு நடுவில் படி இறங்கி வருகிற விருந்தாளிகளை அவர் மறுபடி மேலே அனுப்பிவிடுவார். என்னை மட்டும் மூலை மெத்தையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார விட்டிருக்கிறார். எந்தச் சில்லு எந்த ஆண்டு உதிர்ந்தது, யார் வந்து ஒட்டினார் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். கிழக்குச் சுவரில் ஒரு நட்சத்திரத்தின் இரண்டு வெள்ளைச் சில்லுகள் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாக நிற்கும். அவற்றைத் தாண்டும்போதெல்லாம் அவர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மராகேஷ்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அங்குள்ள ரியாத் வீடுகளின் எலுமிச்சை மரங்களும் நாலு பாத்தித் தோட்டமும் எனக்கும் பிடிக்கும். ததலாக்த் என்ற பூச்சுச் சுவரில் கூழாங்கல்லால் தேய்த்து, கறுப்பு ஆலிவ் சோப்பைச் சுண்ணாம்போடு பிணைத்து, தண்ணீர் இறங்காத வழவழப்பைக் கொண்டுவருவது பெரிய வித்தை. குளியலறைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் ததலாக்த் ஒரே பார்வையில் தன்னைக் கொடுத்துவிடுகிறது. இரண்டாம் நாள் அதில் பார்க்கப் புதிதாக எதுவும் எனக்குக் கிடைப்பதில்லை. தெத்துவான் ஸெல்லிஜைத் தூக்கிப் பிடிக்கிறவர்களோடு என் சச்சரவு இன்னும் கொஞ்சம் கூர்மையானது. அங்கே மண் ஈரமாக இருக்கும்போதே வெட்டிவிடுகிறார்கள். அதனால் விளிம்புகள் உருண்டு மென்மையாக வரும், நிறங்களும் இளகினாற்போல் இருக்கும். அழகுதான். ஃபெஸ் சில்லின் விளிம்பில் சுத்தியல் நின்ற இடம் தெரிகிறது. எனக்கு அது வேண்டும்.

சுவரை அடுக்கியிருக்கும் ஒழுங்கு பற்றியும் ஒரு வார்த்தை. ஈரமும் தோளும் முதுகும் படும் கீழ்ப்பாகத்துக்கு ஸெல்லிஜ், கை எட்டாத நடுப்பாகத்துக்குச் சுதை, மேலே மரம். தேவதாரு விட்டத்தின் நீளத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால் அறைகள் சுமார் மூன்று மீட்டர் அகலத்தில் நீண்டு கிடக்கின்றன. அந்த ஒடுக்கத்தில் சுவர் எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். அகன்ற அறைகளைக் கட்டி அதே ஸெல்லிஜைப் பதித்த பெரிய விடுதிகளில் தங்கியிருக்கிறேன். சுவர் தூரத்தில் நின்று வெறும் அலங்காரமாகிவிடுகிறது.

காலை உணவைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். சூடான ம்ஸெம்மன் அடை, தேன், தெருமுனை ஃபெர்ரான் அடுப்பில் சுட்டு வந்த ரொட்டி, கலீ உப்புக்கண்டத்தோடு முட்டை. எல்லாமே நன்றாக இருக்கும்.

இந்த வீடுகள் நமக்குக் கிடைத்த விதத்தில் ஒரு வருத்தம் கலந்திருக்கிறது. 1912இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து மதிலுக்கு வெளியே புது நகரம் கட்டினார்கள். காலப்போக்கில் வசதியான வணிகக் குடும்பங்கள் அங்கேயும் காஸாபிளாங்காவுக்கும் நகர்ந்தன. வாரிசுகளுக்குள் துண்டுபட்ட வீடுகளில் அறைக்கொரு குடும்பம் ஏறியது. முற்றத்து ஊற்று வறண்டது. ஸெல்லிஜ் மேல் அடுப்புப் புகை படிந்தது. 1981இல் யுனெஸ்கோ பட்டியலில் பழைய நகரம் ஏறிய பிறகும் சந்துகளில் முட்டுக்கட்டை கொடுத்து நிற்கும் சுவர்களுக்குக் குறைவில்லை. விருந்தினர் இல்லங்கள் வந்திருக்காவிட்டால் பல முற்றங்கள் இடிந்து போயிருக்கும். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் காப்பாற்றுகிற வேகத்தில் கெடுக்கவும் செய்கிறார்கள். மழைக்குப் பயந்து முற்றத்தின் வானத்தைக் கண்ணாடியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ மூடுகிறார்கள். மூடினதும் வெளிச்சம் பால்நிறமாகி, வெள்ளைச் சில்லுகள் எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. ஊற்றுத் தொட்டியை ரோஜா இதழ்களால் நிரப்புகிறார்கள். அடியிலிருக்கும் வேலைப்பாடு தெரிய வேண்டாமா? முற்றத்தை வெட்டிக் குளிக்கும் குளம் ஆக்கியவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் மோசமானது பழைய ஸெல்லிஜ் மேல் பூசுகிற பளபளப்பு எண்ணெய். பூசிய மாதத்தில் எல்லாம் புதிதாய் மின்னும். பிறகு அது மஞ்சளாகும். வெடிப்பு வலையெல்லாம் மூடிக்கொள்ளும். ஒரு முறை, நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டுக்குத் திரும்பிப் போனபோது முழுச் சுவரும் அப்படி ஆகியிருந்தது. மறுநாளே பையைக் கைவண்டியில் ஏற்றி வேறு வீட்டுக்குப் போய்விட்டேன்.

புதிய வெள்ளை இன்னொரு கவலை. சீராகப் பூசி, சீரான சூட்டில் சுட்டு, பெட்டி பெட்டியாக வருகிறது. இயந்திரம் வெட்டிய சில்லுகளில் பின்சரிவின் அவசியமே இல்லை. நல்ல கைகள் இல்லாமல் போய்விடவில்லை. 1993இல் திறந்த காஸாபிளாங்கா இரண்டாம் ஹசன் மசூதியில் அவை தெரிகின்றன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 2011இல் திறந்த மொராக்கோ முற்றத்தில் தெரிகின்றன. அந்த முற்றத்தை எழுப்பியவர்கள் ஃபெஸ்ஸின் மஅல்லிம்கள். அப்படிப்பட்ட கைகள் பெரிய வேலைகளுக்குப் போகின்றன. ஒரு சந்து வீட்டில் உதிர்ந்த ஏழெட்டு வெள்ளைச் சில்லுகளுக்கு, பழைய வெள்ளைக்கு ஈடான நிறம் தேடி, பழைய ஓடு ஒன்றை உடைத்து வெட்டிப் பதிக்க யார் வருவார்கள்? வருகிறவர் கையில் கிடைத்த வெளுப்பைச் சிமெண்டில் ஒட்டிவிட்டுப் போகிறார். இந்தச் சிறு பழுதுபார்ப்புக்கென்று பயிற்சி பெற்ற இளைஞர்கள் ஒவ்வொரு பேட்டைக்கும் இருவர் இருந்தால் போதும். உதிர்ந்த ஓடுகளைக் குப்பையில் கொட்டாமல் சேர்த்துவைக்க ஓரிடமும் வேண்டும்.

அறை பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு யோசனை. மொட்டைமாடியை ஒட்டிய அறையைத்தான் முதலில் காட்டுவார்கள், அதற்குத்தான் விலையும் கூடுதல். கீழ்த்தளத்தில் முற்றத்தைப் பார்த்த அறையைக் கேட்டு வாங்குங்கள். ஜனவரியில் இரவு 5 டிகிரிக்குப் பக்கம் இறங்கும், கம்பளிச் சட்டை அவசியம். முற்றத்துக்குக் கூரை போட்டிருக்கிறார்களா என்று முன்னதாகவே எழுதிக் கேட்டுவிடுங்கள். போட்டிருந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள். இரட்டைக் கதவைப் பகலெல்லாம் திறந்தே வையுங்கள், மெத்தையை வாசல் பக்கம் இழுத்துப் போடச் சொல்லுங்கள். தயங்காமல் கேட்கலாம், அந்த மெத்தைகள் நகர்த்துவதற்கென்றே செய்தவை.