விருதுநகர் ரூபாயும் கொழும்பு ரூபாயும்

விருதுநகர் வத்தல் வியாபாரிகளுக்குக் கொழும்பு கடல் கடந்த ஊரே ஆயினும், அன்னியச் சந்தையாக அது ஒருபோதும் இருந்ததில்லை. தூத்துக்குடியில் தோணியேறிய மிளகாயும் பருப்பும் தலைமுறை தலைமுறையாக அத்தீவின் அடுக்களைகளுக்குப் போய்க்கொண்டிருந்தமையால், இவ்விடத்து ரூபாயையும் அவ்விடத்து ரூபாயையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்கும் வழக்கம் இவ்வூர்க் கமிஷன் கடைகளில் இயல்பாகவே வேரூன்றியது. சரக்கை விலைபேசி அனுப்புகிறவனுக்கு அந்த எண் இன்றியமையாதது. ஆனால் அதே எண்ணைக் கொண்டு இரு தேசங்களின் செல்வத்தையும் ஆட்சித் திறமையையும் தீர்மானிக்கலாம் என்ற அபிப்பிராயம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை ஆராய்வது அவசியம்.

இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய ரூபாயே இலங்கையின் சட்டபூர்வமான நாணயமாயிற்று. 1872 முதல் அத்தீவினர் அதை நூறு சதங்களாகப் பிரித்துக் கணக்கிட்டனர். நாமோ அணாவைக் கைவிட்டது 1957இல்தான். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி அனுப்பிய பத்து ரூபாய், அனுப்புகிற செலவு நீங்கலாக, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலும் பத்து ரூபாயாகவே இருந்தது என்பது அந்தச் சமநிலையின் பெரிய அனுகூலம். அதற்கு மறுபக்கமும் உண்டு. 1950 ஆகஸ்டில் மத்திய வங்கி திறக்கப்படும் வரை, தன் பணத்தைத் தன் தேவைக்கேற்ப நடத்தும் அதிகாரம் இலங்கைக்கு இருக்கவில்லை.

ஒப்பீட்டின் பலவீனம் முழுமையாக வெளிப்பட்டது 1966க்குப் பிறகுதான். அவ்வாண்டு ஜூன் 6ஆம் தேதி இந்திய அரசாங்கம் டாலருக்கு 4.76 என்றிருந்த ரூபாயை 7.50 என்று குறைத்தபோது, இலங்கை தன் பழைய விகிதத்திலேயே நின்றமையால், நூறு இலங்கை ரூபாய்க்கு 157.50 இந்திய ரூபாய் என்ற நிலைமை ஏற்பட்டது. 1967 நவம்பரில் இலங்கையும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்த பின்னரும், நூறுக்கு 126 என்ற அளவில் அதுவே உயர்ந்து நின்றது. எண்ணை மட்டும் பார்க்கிறவர், தீவு நம்மைவிடச் செழித்துவிட்டது என்றும், நம் மிளகாய் அங்கே மலிந்து குவிந்திருக்கும் என்றும் முடிவு கட்டியிருப்பார். நடந்தது வேறு. அன்னியச் செலாவணிப் பஞ்சத்தால், 1970இல் பதவியேற்ற அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியையே கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. யாழ்ப்பாணத்து விவசாயிகள் அப்பயிர்களால் செழித்தார்கள். தெற்கே ரொட்டிக்கும் அரிசிக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். மலிவாக வாங்கலாம் என்று நாணய விகிதம் சொல்ல, வாங்கக்கூடாது என்று சட்டம் சொல்லிற்று. பெரும்பாலான இறக்குமதிக்கு டாலர் வாங்க அரசாங்கமே 1968 முதல் அதிகாரபூர்வ விலைக்கு மேல் ஒரு கூடுதல் விலை விதித்து, 1972இல் அதை 65 சதவிகிதம் வரை உயர்த்தியது என்றால், அதிகாரபூர்வ விகிதம் மெய்யன்று என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? 1977இல் கட்டுப்பாடுகள் தளர்ந்தவுடன் டாலர் ஏறக்குறைய 16 ரூபாயாயிற்று.

தடைகளால் தாங்கி நிறுத்தப்பட்ட நாணய மதிப்பைப் பலமென்று கொள்வது பெரும் பிழை. எனினும் ஒப்பீட்டையே தள்ளிவிடலாகாது என்பதற்கு 2022 சான்று. அவ்வாண்டு வசந்த காலத்தில், ஓர் இந்திய ரூபாய்க்கு இரண்டரைக்குச் சற்று மேலாக இருந்த இலங்கை ரூபாய், சில வாரங்களில் நாலரையைத் தாண்டி விழுந்தது. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதையே இலங்கை நிறுத்தி வைத்தது. கொழும்புத் துறைமுகத்தில் டாலர் இல்லாமல் உணவுப் பெட்டகங்கள் தேங்கிக் கிடந்தன. அப்போது வியாபாரிக்கு எச்சரிக்கையாகப் பயன்பட்டது நாணயத்தின் உயரம் அன்று, அது சரிந்த வேகம்.

இப்பொழுது ஓர் இந்திய ரூபாய் ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபாய். சிவகாசிப் பட்டாசு ஆலைத் தொழிலாளி தம் வாரக்கூலியை மூன்றரையால் பெருக்கிக் கொழும்பில் தாம் தனவந்தர் என்று நினைத்தால், அவருக்கு நாம் சொல்ல வேண்டியது, அங்குள்ள கூலியும் கடைவிலையும் அதற்கேற்ப உயர்ந்தே இருக்கின்றன என்பதே. குல்லூர்சந்தை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருந்துகொண்டு தாய்நாட்டுக்குத் திரும்புவதா வேண்டாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்கோ இது ஏட்டுக் கணக்கன்று. அங்கே ஒரு மாத ஜீவனத்துக்கு எவ்வளவு ஆகும், வேலை கிடைக்குமா என்ற விவரமே அவர்களுக்கு வேண்டும். நாணய விகிதத்தை மட்டும் தலைப்பில் போட்டு ஒரு நாட்டை உயர்த்தியும் மற்றொன்றைத் தாழ்த்தியும் எழுதும் நம் பத்திரிகைகள், அதனுடன் இரு ஊர்களின் விலைவாசியையும் கூலியையும் சேர்த்தே வெளியிட வேண்டும். ஏனெனில், இலங்கை ரூபாய் அவ்வளவு வீழ்ந்த பிறகும், சராசரித் தனிநபர் வருமானத்தில் அந்நாடு இந்தியாவைவிட மேலாகவே இருக்கிறது.